இத்தாலியின் மறக்கப்பட்ட போர் விமானங்களும் கெரென் போரில் இந்திய வீரர்களும்

இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய வான்படை பயன்படுத்திய சண்டை விமானங்கள், அக்காலத்து மற்ற நாட்டு விமானங்களைவிடக் குறைவாகவே அறியப்பட்டவை. இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர், ஜெர்மனியின் மெசர்ஷ்மிட், ஜப்பானின் ஜீரோ ஆகிய பெயர்கள் நம் மாணவர்களுக்குக்கூடத் தெரியும். மக்கி, ரெஜ்ஜியானே, ஃபியட் சென்டௌரோ ஆகிய பெயர்கள் தெரிவதில்லை. அண்மைக் காலத்தில் கணினி வான்போர் விளையாட்டுகளே இவற்றை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துள்ளன. ‘வார் தண்டர்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டில் 2017ஆம் ஆண்டு இத்தாலிய விமானங்கள் தனி வரிசையாகச் சேர்க்கப்பட்டன.

திண்டுக்கல்லில் என்னிடம் பாடம் கேட்க வரும் ஒரு மாணவன், “ஐயா, இந்த விமானங்களுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?” என்று கேட்டான். உண்டு என்பதே விடை. 1941இல் ஆப்பிரிக்காவின் எரித்திரியா மலைகளில் இந்த விமானங்களின் அடியில் நின்றவர்களில் இந்தியப் படைவீரர்களும் இருந்தார்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அடங்குவர். அந்தத் தொடர்பையும், அவ்விமானங்கள் மறக்கப்பட்டதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஃபியட் சி.ஆர்.42

இத்தாலி 1940 ஜூன் 10 அன்று போரில் இறங்கியது. அப்போது அதன் வான்படையில் பெரும் எண்ணிக்கையில் இருந்தது ஃபியட் சி.ஆர்.42 என்னும் விமானம். இதற்குப் ‘ஃபால்கோ’, அதாவது வல்லூறு, என்று பெயர். வடிவமைத்தவர் செலஸ்தினோ ரொசாத்தெல்லி. மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள், உள்ளிழுக்க முடியாத சக்கரங்கள், மூடியற்ற விமானி இருக்கை ஆகியவை கொண்ட பழைய பாணி விமானம் இது. 840 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தால் மணிக்குச் சுமார் 440 கி.மீ. வேகத்தில் பறந்தது. அதே காலத்தில் ஒற்றை இறக்கை கொண்ட ஹரிக்கேன் விமானம் 500 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிட்டது.

வேகம் குறைவு என்றாலும், குறுகிய வட்டத்தில் திரும்புவதில் இது வல்லது. இத்தாலிய விமானிகள் இப்பண்பைப் பெரிதும் விரும்பினர். பின்னர் வந்த மக்கி சி.200 விமானத்துக்கு முதலில் விமானி அறையை மூடும் கண்ணாடிக் கூரை வைத்தபோது, பல விமானிகள் அதை ஏற்கவில்லை. காற்று முகத்தில் படப் பறந்தே பழகியவர்கள் அவர்கள். பின்னர் அக்கூரையைத் திறந்த அமைப்பாகவே மாற்ற வேண்டியதாயிற்று.

எரித்திரியாவில் 1941

அன்று எரித்திரியா, எத்தியோப்பியா, சோமாலியா ஆகிய பகுதிகள் இத்தாலியின் ஆளுகையில் இருந்தன. சூயஸ் கால்வாய் பிரிட்டன் வசம் இருந்ததால், அங்கிருந்த இத்தாலியப் படைகளுக்குக் கடல் வழியே உதவி போகவில்லை. எனவே சி.ஆர்.42 விமானங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எஸ்.எம்.82 என்னும் பெரிய சரக்கு விமானங்களின் வயிற்றில் ஏற்றி, எதிரியின் நிலப்பரப்பைக் கடந்து வான்வழியே கொண்டுசென்றார்கள். ஏறத்தாழ 50 விமானங்கள் இவ்வாறு போய்ச் சேர்ந்தன.

அங்குப் பறந்தவர்களுள் புகழ்பெற்றவர் கேப்டன் மரியோ விசின்தினி. இரண்டாம் உலகப் போரில் இருதள இறக்கை விமானத்தில் மிக அதிக வெற்றிகள் பெற்றவராக அவர் குறிப்பிடப்படுகிறார். 1941 பிப்ரவரி 11 அன்று, வழிதவறிய தம் தோழர்களைத் தேடிச் சென்றபோது, எரித்திரியாவின் பீசென் மலையில் மோதி இறந்தார். அவரை வீழ்த்தியது எதிரியின் குண்டு அல்ல. மோசமான வானிலையும் மலையும்தான்.

அவர் இறந்த அதே மாதத்தில், அதே நாட்டில், கெரென் போர் நடந்துகொண்டிருந்தது. 1941 பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் 27 வரை நீடித்த இப்போரில் பிரிட்டன் தரப்பின் முதன்மைப் படைகள் 4ஆவது, 5ஆவது இந்தியப் படைப்பிரிவுகள். இவற்றுள் 4ஆவது பிரிவில் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் சென்னைப் பொறியாளர் படையின் அணிகளும் இடம்பெற்றிருந்தன. பாதை அமைப்பது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை இப்படையின் பணிகள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இப்படையில் தமிழர்கள் பெருமளவில் பணியாற்றினர். பிற படையினர் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பது வழக்கம்.

கெரென் ஒரு மலைநகரம். அதற்குச் செல்லும் ஒரே நல்ல சாலை டொங்கோலாஸ் என்னும் குறுகிய மலையிடுக்கின் வழியாகச் சென்றது. இத்தாலியர் மலைச்சரிவை வெடிவைத்துத் தகர்த்து அச்சாலையை அடைத்துவிட்டனர். மேலிருந்து எதிரி சுட, காலாட்படையினர் செங்குத்தான சரிவுகளில் தண்ணீரையும் தோட்டாக்களையும் முதுகில் சுமந்து ஏறினர். போரின் தொடக்கத்தில் இத்தாலிய விமானங்கள் தாழப் பறந்து வந்து தாக்கின. ஹரிக்கேன் விமானங்கள் போதிய எண்ணிக்கையில் வந்த பிறகே வானம் பிரிட்டன் தரப்பின் கைக்கு மாறியது.

இப்போரில் ராஜபுதனத் துப்பாக்கிப் படையைச் சேர்ந்த சுபேதார் ரிச்பால் ராம் வீரமரணம் அடைந்து விக்டோரியா சிலுவை பெற்றார். இறுதியில் சாலை அடைப்பை இந்தியப் பொறியாளர் படையினர் அகற்றி வழி திறந்தனர். பிரிட்டன் தரப்பில் 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 3,000க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இத்தாலியத் தரப்பின் உயிரிழப்பு இதைவிடப் பன்மடங்கு அதிகம். கெரென் போர் இடுகாட்டில், தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கென ஒரு நினைவுச் சின்னம் இன்றும் உள்ளது.

இந்த வீரர்களின் நாடு போரில் சேர வேண்டுமா என்று இந்தியத் தலைவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ தாமாகவே இந்தியாவின் சார்பில் போரை அறிவித்தார்.

4ஆவது இந்தியப் படைப்பிரிவு பின்னர் வட ஆப்பிரிக்காவிலும், அதன் பின் இத்தாலியிலும் போரிட்டது. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே, மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன் தம் வீரர்களுடன் கண்ணிவெடிகளைத் தேடிச் சென்றார். பின்னால் வந்த ஒருவரின் கால் கண்ணிவெடி மீது பட்டுவிட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்த நிலையில் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மூடி, தம் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காத்தார். ஜார்ஜ் சிலுவை பெற்ற முதல் இந்தியர் இவரே. இவர் பிறந்தது காஞ்சிபுரம் வட்டாரத்தில் உள்ள கீழ்ஒட்டிவாக்கம்.

நல்ல வடிவம், போதாத இயந்திரம்

இத்தாலியப் பொறியாளர்கள் விமான உடலை வடிவமைப்பதில் சிறந்தவர்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது ஆற்றல் மிக்க இயந்திரம். மரியோ கஸ்தோல்தி வடிவமைத்த மக்கி சி.200 விமானமும் 870 குதிரைத்திறன் அளவிலான இயந்திரத்தோடே பறந்தது. ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் டி.பி.601 இயந்திரத்தைப் பொருத்தியதும் அதே விமானம் மக்கி சி.202 ‘ஃபோல்கோரே’, அதாவது மின்னல், ஆகியது. வேகம் மணிக்கு 600 கி.மீ. அளவை எட்டியது. இதற்கான இயந்திரங்களை ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் உரிமம் பெற்று இத்தாலியிலேயே தயாரித்தது.

இவ்விமானத்தின் இடது இறக்கை வலது இறக்கையைவிடச் சுமார் 20 செ.மீ. நீளமானது. முன்விசிறி சுழலும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாயும். அதைச் சரிக்கட்டவே இந்த ஏற்பாடு. இயற்பியல் வகுப்பில் விசையின் திருப்புத்திறனை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பின்னர் 1,475 குதிரைத்திறன் கொண்ட டி.பி.605 இயந்திரத்தோடு மூன்று விமானங்கள் உருவாயின. அவை மக்கி சி.205, ஃபியட் ஜி.55, ரெஜ்ஜியானே ரி.2005. ஜி.55 விமானத்தைச் சோதித்த ஜெர்மானிய வல்லுநர்களே அதை வெகுவாகப் பாராட்டினர். ஆனால் ஒரு ஜி.55 செய்ய ஆன உழைப்பு நேரம், ஒரு மெசர்ஷ்மிட் 109 செய்ய ஆனதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கூறப்படுகிறது.

எத்தனை விமானங்கள்?

இவற்றின் உற்பத்தி எண்ணிக்கை ஏறத்தாழ வருமாறு:

- ஃபியட் சி.ஆர்.42: 1,800
- மக்கி சி.200: 1,150
- மக்கி சி.202: 1,150
- மக்கி சி.205: 260
- ஃபியட் ஜி.55: 300க்கும் குறைவு
- ரெஜ்ஜியானே ரி.2001: 250க்கும் குறைவு
- ரெஜ்ஜியானே ரி.2005: 50க்கும் குறைவு

இப்பட்டியலை உற்றுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். விமானம் சிறந்ததாக ஆக, எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. மிகச் சிறந்த மூன்று விமானங்களும் 1943இல்தான் படைக்கு வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று இத்தாலியின் சரணாகதி அறிவிக்கப்பட்டது. போர்க்காலம் முழுவதும் இத்தாலி செய்த எல்லா வகை விமானங்களும் ஏறத்தாழ 12,000 மட்டுமே. அமெரிக்கா செய்தவை ஏறத்தாழ மூன்று லட்சம். ஆக, இவை அறியப்படாமல் போனதற்கு வடிவமைப்பின் குறையைவிட, மூலப்பொருள் பற்றாக்குறை, சிதறிக் கிடந்த சிறு தொழிற்சாலைகள், ஒரே வேலைக்குப் பல மாதிரிகளைச் செய்த திட்டமின்மை ஆகியவையே பெரிய காரணங்கள். போருக்குத் தன் நாடு ஆயத்தமாக உள்ளதா என்று எண்ணிப் பாராமல் முசோலினி எடுத்த முடிவின் விலை இது.

விளையாட்டில் சேர்ப்பது எப்படி?

வான்போர் விளையாட்டில் ஒரு விமானத்தைச் சேர்க்க, அதன் படம் மட்டும் போதாது. எடை, இறக்கைப் பரப்பு, வெவ்வேறு உயரங்களில் இயந்திரத்தின் ஆற்றல், ஏறும் வேகம், துப்பாக்கிகள், தோட்டா எண்ணிக்கை ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றை விமானியின் கையேடு, தொழிற்சாலைப் பதிவுகள், சோதனை அறிக்கைகள், எஞ்சியுள்ள விமானங்கள் ஆகியவற்றிலிருந்து திரட்டுகிறார்கள்.

நன்கு அறியப்பட்ட விமானத்துக்கு இது எளிது. 1940 நவம்பரில் இங்கிலாந்தின் கடற்கரையில் இறங்கிய ஒரு சி.ஆர்.42 இன்றும் பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. மக்கி சி.202 ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சுவீடன் வாங்கிய ரெஜ்ஜியானே ரி.2000 விமானங்களுள் ஒன்று அந்நாட்டின் லின்ஷோப்பிங் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் ரி.2005 விமானத்தில் எஞ்சியது பின்னுடல் பகுதி மட்டுமே. இத்தகைய விமானத்தை விளையாட்டில் பறக்கவிடும்போது, பழைய காகிதங்களும் கணக்கும்தான் துணை. தொழிற்சாலை தன் பெருமைக்காக எழுதிய வேகமும், எதிரி கைப்பற்றிச் சோதித்து எழுதிய வேகமும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. எந்தச் சான்றை எடுத்துக்கொள்வது என்று வரலாற்று மாணவர் எதிர்கொள்ளும் கேள்வியே அங்கும் எழுகிறது.

விளையாட்டில் எல்லா விமானங்களும் சம எண்ணிக்கையில் கிடைக்கும். பெட்ரோல் தட்டுப்பாடோ உதிரிப் பொருள் தட்டுப்பாடோ வராது. 50க்கும் குறைவாகச் செய்யப்பட்ட ரி.2005 ஒரே மாலையில் நூற்றுக்கணக்கில் பறக்கும். கீழே மலைச்சரிவில் தண்ணீர்ப் பீப்பாய் சுமந்தவர் திரையில் தெரியமாட்டார்.

மாணவர்களுக்கு ஒரு பணி

ஏதேனும் ஒரு விமானத்தை விளையாட்டில் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் மூன்று கேள்விகளுக்கு விடை தேடலாம். எத்தனை செய்யப்பட்டன? எந்த ஊர்களின் மேல் பறந்தன? அங்குக் கீழே இருந்தவர்கள் யார்?

மூன்றாவது கேள்விக்கான விடை சில வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கக்கூடும். திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரங்களில் பட்டாளத்துக்காரர் வீடு என்று அழைக்கப்படும் வீடுகள் உண்டு. அங்கு ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரப் பதக்கம் இருந்தால் அதன் நாடாவைப் பாருங்கள். மணல் நிறத்தின் நடுவே சிவப்புக் கோடு இருந்தால் அது ஆப்பிரிக்க நட்சத்திரம். எரித்திரியாவில் பணியாற்றியவர்களுக்கும் இது வழங்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை, பச்சைப் பட்டைகள் இருந்தால் அது இத்தாலி நட்சத்திரம். அப்படி ஒன்று கிடைத்தால், அவரின் பெயர், ஊர், படைப்பிரிவு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது.