எழுதின அளவா, போட்ட கோடா?

வீட்டு பிளான் கையில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். வலது கீழ் மூலையில், குறிப்புகள் என்ற தலைப்பின் கீழ், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். "எழுதியுள்ள அளவையே பின்பற்றவும், வரைபடத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம்" என்று அர்த்தம் வரும் ஆங்கில வாக்கியம். அதை யாரும் படிப்பதில்லை. டைட்டில் பிளாக்கோடு சேர்ந்து ஒரு ஃபைலிலிருந்து இன்னொரு ஃபைலுக்குக் காப்பி ஆகிக்கொண்டே இருக்கும்.

புனேவுக்கு வந்து ஆட்டோகேடில் ஆணி பிடுங்க ஆரம்பித்து வருஷங்கள் ஓடிவிட்டன. இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது, கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஏன் சாகவில்லை, கடைசியில் இந்த ஊரில் வைத்து எப்படி அடிபட்டது என்று எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கேட் வேலை செய்பவர்களுக்கு நடுநடுவே சில குறுக்குவழிகள் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதவர்கள் கடைசிப் பகுதியையாவது படியுங்கள். ஃபிளாட் வாங்கியவர்களின் காசு அங்கேதான் இருக்கிறது :-)

நம்ம ஊரிலிருந்தே தொடங்கலாம். 1794ல் சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கியது. பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். புனேவில் அதே மாதிரி 1854ல் 'பூனா இன்ஜினியரிங் கிளாஸ் அண்ட் மெக்கானிக்கல் ஸ்கூல்' வந்தது. சிவாஜிநகர் பக்கம் போனால் பார்க்கலாம், இன்றைக்கு சி.ஓ.இ.பி. என்று எல்லோரும் சொல்லும் கல்லூரி. இரண்டு இடத்திலும் தேவை ஒன்றுதான்: சர்க்கார் வேலைகளுக்கு அளக்கவும் வரையவும் உள்ளூர்ப் பையன்கள் வேண்டும். பெரிய துரை படம் போடுவார், அதை டிரேசிங் துணியில் பிரதி எடுப்பதும் எண்களை எழுதுவதும் இவர்கள் வேலை.

படத்தைப் பிரதி எடுப்பதில்தான் சிக்கல். 1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு முறை அந்த நூற்றாண்டின் கடைசியில் ஆபீஸ்களுக்குள் வந்தது. ரசாயனம் பூசின காகிதத்தின் மேல் டிரேசிங்கை வைத்து வெயிலில் காட்டவேண்டும், பிறகு தண்ணீரில் கழுவிக் காயவைக்கவேண்டும். நனைந்து காய்ந்த காகிதம் சுருங்காமல் இருக்குமா? 1:100 ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் சுருங்கினால் கட்டடத்தில் 5 சென்டிமீட்டர் காணாமல் போய்விடும். பிறகு வந்த அம்மோனியா பிரிண்ட்டில் தண்ணீர் வேலை இல்லை, மூக்குதான் எரியும். ஆனாலும் டிரேசிங் பேப்பரே இந்த ஊர் ஜூலை மழையில் ஊறி உப்பிவிடும் ஜாதி. ஆக, கோட்டை நம்பமுடியாது. பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பலாம், எண் சுருங்காது. அந்தப் பொடி வரி பிறந்த கதை இவ்வளவுதான். ரொம்ப நியாயமான வரி.

அதிலிருந்து ஒரு சலுகையும் பிறந்தது. சுவர் மூன்று அங்குலம் தள்ளிப்போனால் படம் முழுவதையும் திரும்ப வரையவேண்டாம். பிளேடால் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதினால் போதும். ரோட்ரிங் பேனா பிடித்துப் பழகின மூத்த மராத்தி டிராஃப்ட்ஸ்மேன் ஒருவரோடு வேலை செய்திருக்கிறேன், காகா என்று கூப்பிடுவோம். சுரண்டிய இடம் தெரியாமல் நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டு மேலே எழுதுவார். இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததில்லை. அது தொழில் சுத்தம்.

இப்போது கம்ப்யூட்டர். ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் ஸ்கெட்ச்பேட் என்று திரையில் கோடு போட்டுக் காட்டியது 1963ல். சாதாரண பி.சி.யில் ஓடும் ஆட்டோகேட் வந்தது 1982 டிசம்பரில். இதன் நிஜமான புரட்சி வேகம் இல்லை என்பது என் கட்சி. பழைய மெஷின்களில் அது மகா மந்தம். புரட்சி எதுவென்றால், கட்டடத்தை முழு அளவில் வரைகிறோம். ஸ்கேல் என்பது பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் வரும் விஷயம். ஒவ்வொரு புள்ளியும் பதினைந்து இலக்கத் துல்லியத்தோடு ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. சரித்திரத்தில் முதல் தடவையாகக் கோடு எண்ணைவிட நிஜமாகிவிட்டது!

ஆனால் பழக்கம் விடுமா?

நாம் தினமும் செய்யும் பல வேலைகள் பழைய காலத்தின் மிச்சம்தான். லேயரை 'ஆஃப்' செய்வதற்கும் 'ஃப்ரீஸ்' செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். ஃப்ரீஸ் செய்த லேயரைத் திரையைப் புதுப்பிக்கும்போது மென்பொருள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. பெரிய படம் ஒன்றை ரீஜென் கொடுத்துவிட்டு டீ குடித்து வரலாம் என்றிருந்த காலத்தில் அது உயிர் காக்கும் உபாயம். லேயர் என்ற யோசனையும் புதிதல்ல. பாலியஸ்டர் ஃபிலிம்களில் துளை போட்டு, ஆணிப்பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, சுவர் ஒரு தாளில், குழாய் ஒரு தாளில் என்று மேஜையில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

நிறத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஆட்டோகேடில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்பதெல்லாம் பேனா பிளாட்டரில் மாட்டியிருக்கும் பேனா எண்கள். சிவப்பு என்றால் இந்தத் தடிமன், மஞ்சள் என்றால் அந்தத் தடிமன் என்று ஆபீசுக்கு ஆபீஸ் ஒரு வழக்கம். ஆனால் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நிறத்துக்கு வேறு அர்த்தம்: சிவப்பு புதிதாகக் கட்டப்போவது, மஞ்சள் இடிக்கப்போவது. இரண்டும் ஒரே படத்தில் மோதின. வெளியாள் ஃபைலைத் திறந்து பார்த்தால், ஜன்னலுக்கு மெல்லிய கோடு வேண்டும் என்று போட்ட மஞ்சளைப் பார்த்து ஜன்னலை இடிக்கப்போகிறோம் என்று நினைக்கலாம் :-) இதற்கு வழி: தடிமனை நிறத்தில் ஏற்றாமல் லேயரின் லைன்வெயிட்டிலேயே கொடுத்துவிடுங்கள். நிறம் விதிக்கு, தடிமன் கண்ணுக்கு.

எல்லாவற்றிலும் மோசமான மிச்சம் அந்த பிளேடு. டைமென்ஷனின் மேல் டபுள் கிளிக் செய்து, மென்பொருள் அளந்த எண்ணை அழித்துவிட்டு நம் இஷ்டத்துக்கு ஒரு எண்ணை டைப் செய்யலாம். கோடு 2.85 என்று இருக்கும், எழுத்து 3.00 என்று சொல்லும். காகாவின் பிளேடு வேலையேதான், என்ன, நகத்தால் தேய்க்கக்கூட வேண்டியதில்லை. அவர் காலத்தில் அது நேர்மையான திருத்தம். இந்தக் காலத்தில் அது பொய், ஏனென்றால் இப்போது கோடுதான் நிஜம். அந்த ஃபைலை வாங்கி அடுத்து ஸ்ட்ரக்சுரல்காரர் தூண் போடுவார், டைல்ஸ்காரர் கணக்குப் பார்ப்பார். அவர்கள் எழுத்தைப் படிக்கமாட்டார்கள், கோட்டைப் பிடித்து இழுப்பார்கள்.

புனேவில் இது வெடித்தது 2000களின் நடுவில். 1996ல் இங்கே தொடங்கிய சாஃப்ட்டெக் இன்ஜினியர்ஸ் என்ற கம்பெனி ஆட்டோடிசிஆர் என்று ஒரு மென்பொருள் செய்தது. டி.சி.ஆர். என்றால் கட்டட வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள். அனுமதிக்கு வரும் பிளானை மனிதருக்குப் பதில் மெஷின் சரிபார்க்கும். முதலில் புழக்கத்துக்கு வந்த இடங்களில் புனே மாநகராட்சியும் ஒன்று. பிறகு வேறு பல ஊர்களுக்கும் போனது.

அதுவரை கார்ப்பரேஷன் இன்ஜினியர் மேஜையில் பிரிண்ட்டை விரித்து, எழுதின எண்களைக் கூட்டிப் பார்த்து, பென்சிலால் டிக் போடுவார். மெஷினுக்கு எழுத்து படிக்கத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மனை எல்லை ஒரு லேயர், கட்டடம் ஒரு லேயர், அறை ஒரு லேயர் என்று அது சொன்ன பெயரில், மூடிய பாலிலைனாகப் போடவேண்டும். அது கோட்டை அளந்து, எஃப்.எஸ்.ஐ., பக்கவாட்டு இடைவெளி, அறையின் பரப்பு எல்லாம் தானே கணக்குப் போட்டு பாஸ், ஃபெயில் என்று அறிக்கை கொடுத்துவிடும். பொடி வரியின் நெடுநாள் அதிகாரம் அங்கே முடிந்தது.

யார் அடிபட்டார்கள் என்றால், ஏமாற்றுக்காரர்கள் மட்டுமில்லை. கையால் அழகாக வரைந்து, நாற்பது வயதில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் முதல் அடி. அவர்கள் படம் கண்ணுக்குக் கச்சிதமாக இருக்கும், மெஷினுக்கு ஒன்றுமே புரியாது. விதிப்படி வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்ச அகலம் 2.40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு 2.397ல் நிற்கிறது. டைமென்ஷன் இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கி 2.40 என்று காட்டுகிறது. மனிதர் பாஸ் போடுவார், மெஷின் போடாது. மூன்று மில்லிமீட்டருக்காக பிளான் திரும்பி வந்தால் மனைக்காரரின் வங்கிக் கடனும் காண்ட்ராக்டரின் ஆட்களும் காத்திருக்கவேண்டும்.

அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அடியிலிருந்து மீட்டருக்கு மாறும் இடத்தில். ஒன்பது அங்குலம் என்றால் 228.6 மில்லிமீட்டர், நாம் போடுவது 230. ஒரு சுவருக்கு 1.4, நாலு சுவர் தாண்டினால் 5.6. பழைய பிளானை ஸ்கேல் செய்து மேலே புதிதாக வரைந்தால் இந்த மிச்சமெல்லாம் அறையின் அகலத்தில் போய் விழும். எனவே பழைய படத்தை அடியில் ஒரு எக்ஸ்ரெஃபாக வைத்துப் பாருங்கள், அதன் கோடுகளைக் காப்பி எடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது டைமென்ஷனை மூன்று இலக்கத்தில் வைத்திருங்கள், பிரிண்ட்டுக்கு முன் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தலைவலி, மூடாத பாலிலைன். பெடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்தாலும் சில கோடுகள் சேராது. கண்ணுக்கு முனைகள் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஒரு முனை உயரத்தில், அதாவது இசட் அச்சில், கொஞ்சம் மேலே மிதந்துகொண்டிருக்கும். சர்வேயர் கொடுத்த ஃபைலில் இது சகஜம், அவர் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து அளந்திருப்பார். ஃபிளாட்டன் கொடுத்து எல்லாவற்றையும் தரைக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஓவர்கில் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்குங்கள், அதற்கப்புறம் ஜாயின். இந்த வரிசை முக்கியம். டைமென்ஷன் பொய்களைப் பிடிக்க க்யூசெலக்ட் போதும்: டைமென்ஷன்களில் 'டெக்ஸ்ட் ஓவர்ரைட்' காலியாக இல்லாதவற்றைத் தேடச் சொன்னால் எல்லாம் மாட்டிக்கொள்ளும். எண்ணோடு ஏதாவது சொல் சேர்க்கவேண்டுமென்றால் எண்ணை அழிக்காதீர்கள். ஒரு ஜோடி கோண அடைப்புக்குறி போட்டால் அந்த இடத்தில் நிஜ அளவு வந்து உட்காரும், பின்னால் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஃபிளாட் வாங்கியவர்கள் பகுதி. ராஸ்தா பேட்டில் தலைமுறைகளாக இருக்கும் நம் ஆட்கள் ஒருபுறம், ஹிஞ்ஜவடி வேலைக்காக வந்து வாகட்டிலும் பிம்ப்ளே சௌதாகரிலும் இ.எம்.ஐ. கட்டுபவர்கள் மறுபுறம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏங்க, இவங்க சொல்ற பரப்பளவு சரியா?"

முன்பு பால்கனிக்கு ஒரு வரம்பு வரை எஃப்.எஸ்.ஐ. கணக்கில் விலக்கு உண்டு. ஆகவே ஒரே சதுரத்துக்குப் படத்தில் பால்கனி என்று ஒரு பெயர், விற்கும்போது படுக்கையறையின் நீட்சி என்று இன்னொரு பெயர். 2020 டிசம்பரில் மும்பை நீங்கலாகப் பெரும்பாலான மகாராஷ்டிரத்துக்கு ஒருங்கிணைந்த விதிகள் வந்தபோது அந்த வேலை குறைந்தது. ஒவ்வொரு தளத்திலும் கட்டுமானத்தின் வெளிவிளிம்பைச் சுற்றி ஒரே கோடு, அதற்குள் இருக்கும் பால்கனியும் கணக்கில் சேரும். அந்தக் கோட்டுக்கு விதியிலேயே பெயர் பி-லைன்! பாலிலைனுக்கு ஆட்டோகேடில் நாங்கள் டைப் செய்யும் கட்டளையின் பெயரும் அதுவே. தற்செயல்தான் என்றாலும் அரசு விதிப்புத்தகத்தில் அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது.

உங்களுக்கு வேண்டியது அந்த வெளிக்கோடு இல்லை. 2016 ரெரா சட்டப்படி கார்ப்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர்களுக்கு உள்ளே இருக்கும் பரப்பு. உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், டக்ட், பால்கனி, மொட்டைமாடி சேராது. டேப்பை எடுத்து ஒவ்வொரு அறையாக அளந்து கூட்டினால் ஒப்பந்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும். தடுப்புச் சுவர் நிற்கும் இடத்தை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். படத்தில் செங்கலுக்குச் செங்கல் அளவு காட்டியிருந்தால் பூச்சும் இருக்கிறது: இரண்டு பக்கமும் 12 மில்லிமீட்டர் என்றால் 3 மீட்டர் அறை டேப்பில் 2.976 காட்டும். இதற்காக பில்டரோடு சண்டைக்குப் போகவேண்டாம். பூச்சையும் தடுப்புச் சுவரையும் சேர்த்த பிறகும் கணக்கு இடித்தால் கேளுங்கள். கேட்கும்போது விளம்பரப் புத்தகத்தில் சோபா, செடியெல்லாம் போட்டிருக்கும் படத்தைக் கொண்டுபோகாமல், அனுமதி பெற்ற பிளானையும் பதிவு செய்த ஒப்பந்தத்தையும் கொண்டுபோங்கள்.

ஊர்ப்பக்கம் போல மனையாக வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கே நிலம் குண்ட்டாவில் பேசுவார்கள், சாத்-பாரா உதாராவில் ஹெக்டேரில் எழுதியிருக்கும். ஒரு குண்ட்டா 33 அடிக்கு 33 அடி, 1089 சதுர அடி. நம்ம சென்ட் 435.6. வகுத்துப் பாருங்கள், சரியாக இரண்டரை சென்ட் வரும். அப்பாவிடம் போனில் சொல்லும்போது உதவும் :-)