53 மீட்டர் ஆழத்தில் ஹெர்மிஸ்... பார்க்க ஆசையா? முதல்ல இதைப் படிங்க!

மட்டக்களப்பு என்றால் நமக்குப் பாடும் மீன்கள்தான் ஞாபகம் வரும். ஆழ்கடல் டைவர்களிடம் கேட்டுப்பாருங்கள், 'ஹெர்மிஸ்' என்பார்கள். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல், அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.

1942 ஏப்ரல் 9. ஜப்பான் தாக்கப்போகிறது என்று தகவல் வந்ததால், முந்தின நாளே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியிருந்தது இந்த பிரிட்டிஷ் கப்பல். கொடுமை என்னன்னா, விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானம்கூட இல்லை! ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச, அரை மணி நேரத்துக்குள் மூழ்கிப்போனது. 307 பேர் பலி. தப்பியவர்களில் பெரும்பாலானோரைக் காப்பாற்றியது 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல்.

சரி, போய்ப் பார்க்கலாமா? ஆழம்தாங்க சிக்கல். பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டரில். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். அதனால் சிலிண்டரும் அதே வேகத்தில் காலியாகும். சாதாரணக் காற்றில் இருக்கும் நைட்ரஜன் அந்த ஆழத்தில் போதை ஏற்றும். மீட்டரைப் பார்ப்பீங்க, ஆனா மண்டையில ஏறாது. அதனால்தான் டெக்னிக்கல் டைவர்கள் ஹீலியம் கலந்த 'ட்ரைமிக்ஸ்' வாயுவை எடுத்துப்போகிறார்கள். 'வெறும் காற்றிலேயே போயிட்டு வந்தேன்' என்று பெருமையடிப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அவர்களைப் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

இறங்குவதைவிட ஏறுவதுதான் பெரிய வேலை. உடம்பில் கரைந்த வாயு, சட்டென மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழியாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம், மரணம் வரை போகலாம். அதனால் வழியில் நின்று நின்றுதான் வரணும். கீழே 20, 25 நிமிடம் சுற்றிப்பார்த்தால், மேலே வர அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நடுவில் பயந்து மேலே பாயவும் முடியாது. கப்பலுக்குள் நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

எனவே புதிதாகக் கற்பவர்களுக்கான இடம் இல்லை இது. அனுபவம் சேர்த்து, டெக்னிக்கல் பயிற்சி முடித்தவர்கள், கடல் அடங்கியிருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் திட்டமிடலாம். 307 பேரின் சமாதி அது. ஞாபகார்த்தம் என்று ஒரு தோட்டாவைக்கூட எடுக்காதீர்கள்.

ஊர் திரும்ப ஃப்ளைட் டிக்கெட் போடும்போது கவனம்... கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரமாவது இடைவெளி விடுங்க!