ஒரு சக்கரம் சுத்துது, ஒரு சக்கரம் சும்மா நிக்குது

"தம்பி, நீங்க வண்டிக் கம்பெனியிலதானே இருக்கீங்க? ஒரு சக்கரம் பேய் பிடிச்ச மாதிரி சுத்துது, இன்னொண்ணு கோயில் தூண் மாதிரி நிக்குது. இது என்ன நியாயம்?"

புனேயில் எங்கள் பகுதித் தமிழர்களுக்குக் காய்கறி கொடுக்கும் அண்ணாச்சி கேட்டது இது. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். நாராயண்காவ் பக்கத்துத் தோட்டங்களில் தக்காளி ஏற்றிவர ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். இழுவை பின்சக்கரத்தில் மட்டும்தான். மழை பெய்தால் அங்கேயும் நம்ம ஊர்க் கரிசல் கதைதான். வண்டி சிக்கினால் டிராக்டர்காரருக்குக் காசு, சந்தைக்குத் தாமதம், விலையில் அடி.

அண்ணாச்சியின் கேள்விக்கு வயது கிட்டத்தட்ட இருநூறு. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று தேய்த்துக்கொண்டுதான் வரும். பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்பவர் 1827-28 வாக்கில் தன் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு பல்சக்கர அமைப்பைக் கண்டுபிடித்தார். 1877-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதையே மூன்று சக்கர சைக்கிளில் கொண்டுவந்தார். அதுதான் டிஃபரன்ஷியல்.

அருமையான யோசனை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு வம்பும் இருந்தது. டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே 100தான். மிச்சம் இருக்கிற சக்தியெல்லாம் சேற்றைக் கடையப் போய்விடும்!

இந்த வம்பு பெரிதாகத் தெரிந்தது பந்தயத்தில். ஃபெர்டினாண்ட் போர்ஷே ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பந்தயக் காருக்கு 16 சிலிண்டர். மணிக்கு 160 கி.மீ. வேகம் வரைக்கும்கூட ஒரு பின்சக்கரம் வெறுமனே சுழன்றதாம். 1935-இல் அவர் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்திடம் இதற்கு வழி கேட்டார். அப்படி உருவானதுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி. (நீங்கள் நினைக்கிற சமாசாரம் இல்லை!) இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தின் க்யூபெல்வாகன் பின்சக்கர இழுவை மட்டுமே வைத்துக்கொண்டு சேற்றிலும் மணலிலும் ஓடியதற்கு இந்த வகை டிஃபரன்ஷியல் ஒரு முக்கியக் காரணம்.

பிறகு அமெரிக்கா. 1956-இல் பேக்கர்ட் கார்களில் வந்தது, 1957-இல் செவ்ரோலே 'பாசிட்ராக்‌ஷன்' என்று பெயர் வைத்தது. 1992-இல் வந்த 'மை கசின் வின்னி' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், கொலை வழக்கையே டயர் தடமும் இந்தப் பாசிட்ராக்‌ஷனும்தான் திருப்பிப் போடும்.

1958-இல் வெர்னான் க்ளீஸ்மன் இன்னொரு வழி கண்டார். அழுத்தும் தட்டுகள் இல்லை, எல்லாம் பல்சக்கரமே. பின்னாளில் டார்சென் என்று பெயர் பெற்றது. வலுவில்லாத சக்கரம் தாங்குவதைப்போலச் சில மடங்கை மற்றதற்குக் கொடுக்கும். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. அதனால்தான் டார்சென் பொருத்திய அமெரிக்க ராணுவ ஹம்வீ ஓட்டுநர்களுக்கு, பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கற்றுத்தந்தார்கள். பிரேக் ஒரு பொய்ப் பிடிப்பை உண்டாக்கும், மற்ற சக்கரம் இழுக்கும்.

மூன்றாவது வகை, முழுதாகப் பூட்டிக்கொள்வது. ஈட்டன் நிறுவனம் 1973 முதல் ஜி.எம். பிக்கப்களுக்குக் கொடுத்தது. இரண்டு சக்கரத்துக்கும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று வித்தியாசம் வந்தால் தானாகப் பூட்டும். நம் நாட்டில் 2015 தாரில் ஈட்டனின் இந்த வகைதான் வந்தது.

அண்ணாச்சிக்கு எது? கரிசலுக்கு உண்மையில் நல்லது பூட்டும் வகை. ஆனால் அவர் வண்டியின் ஆக்சில் பல் எண்ணிக்கைக்குப் பொருந்திக் கிடைத்தது தட்டு வகைதான். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கிற தோட்டப் பாதைக்கு அது போதும் என்று முடிவு செய்தோம். காப்பீட்டுக்காரரிடமும் ஆர்.டி.ஓ.விடமும் முதலிலேயே கேட்டுக்கொண்டோம்.

பொருத்துவது பொறுமையான வேலை. பழைய கிரவுன் வீலைக் கழற்றிப் புதிய கூட்டில் மாட்டி, போல்ட்டுகளைச் சொன்ன அளவுக்கு முறுக்கி, ஷிம் தகடு மாற்றி மாற்றிப் பற்களின் இடைவெளியை டயல் கேஜில் கையேட்டு அளவுக்குக் கொண்டுவந்தோம். பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தோம், தடம் நடுவில் விழுந்தது. தட்டு வகைக்கு உரிய கியர் ஆயிலை ஊற்றினோம். எனக்கு ஒரே பெருமை.

கடைசியில் பட்டறைப் பையன், சத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்க்க, வழக்கம்போல இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைப் போட்டு கியரைத் தட்டினான். பழைய டிஃபரன்ஷியலில் தூக்கின சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நிற்கும். இப்போது தரையில் இருந்த வலது சக்கரம் இழுத்தது. வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து எதிரே இருந்த மேசையில் மோதி நின்றது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை.

பையன் மேல் தப்பில்லை. மூன்று வாரமாகப் போர்ஷே, ஹம்வீ என்று கதை கதையாகச் சொன்னவன் நான். எந்த வம்பை நீக்கினோமோ, அந்த வம்பை நம்பித்தான் இத்தனை வருஷமாகப் பட்டறைகளில் ஒற்றைச் சக்கரத்தைத் தூக்குகிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அண்ணாச்சி டிராக்டரைக் கூப்பிட்டது ஒரே ஒரு முறை. அதுவும் ஒரு சக்கரம் ஓடைக்குள் தொங்கியபோது. வண்டியின் பின்பக்கம் வெள்ளைப் பெயின்ட்டில் மராத்தியிலும் தமிழிலும் இப்போது ஒரு வரி இருக்கும்: "ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டு ஸ்டார்ட் பண்ணு."

உங்கள் வண்டியில் இது இருந்தால் பஞ்சர் ஒட்டுகிறவரிடமும் சொல்லிவிடுங்கள்.