ஒன்றும் விடுபடவில்லை என்ற உறுதி: காரணி காணும் முறைகளின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

72-இன் காரணிகளை எழுதச் சொன்னால் ஆறாம் வகுப்பு மாணவி 1, 2, 3, 4, 6, 8, 9 என்று விறுவிறுவென எழுதிவிடுவாள். 12, 36, 72 வந்துவிடும். 18 அல்லது 24 விட்டுப்போகும். சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறோம். 'எல்லாம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டாய்?' என்று கேட்பதில்லை. காரணிகளில் ஒன்றிரண்டைக் காண்பது எளிது. ஒன்றும் விடுபடவில்லை என்று அறுதியிடுவதுதான் கடினம். காரணி காணும் முறைகளின் வரலாறு இந்த உறுதியைத் தேடிய வரலாறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அளவையும் சல்லடையும்

கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த 'மூலங்கள்' நூலின் ஏழாம் புத்தகத்தில் எண்கள் கோட்டுத் துண்டுகளாக வருகின்றன. சிறிய துண்டு பெரிய துண்டை மிச்சமின்றி அளந்தால் அது காரணி. பகு எண் ஒவ்வொன்றையும் ஏதேனும் ஒரு பகா எண் அளக்கும் என்று அப்புத்தகத்தின் 31ஆம் தேற்றம் நிறுவுகிறது. காரணி உண்டு என்ற உறுதி இங்கே கிடைத்தது. அதை விரைவாகத் தேடிப் பிடிக்கும் வழி கிடைக்கவில்லை.

எரட்டோஸ்தனிஸ் பெயரால் வழங்கும் சல்லடையை கி.பி. 100 அளவில் நிக்கோமாக்கஸ் விவரித்தார். 3 முதல் ஒற்றை எண்களை வரிசையாக எழுதி, 3-இன் மடங்குகள், 5-இன் மடங்குகள் என்று அடித்துக்கொண்டே போனால் பகா எண்கள் எஞ்சும். வரிசைப்படி அடிப்பதால் எதுவும் தப்புவதில்லை. உறுதியை ஒழுங்கு தந்தது.

எங்கே நிறுத்துவது?

72-ஐ இணை இணையாகப் பிரிப்போம்: 1×72, 2×36, 3×24, 4×18, 6×12, 8×9. அடுத்து 9-ஐ எடுத்தால் 9×8. பழைய இணையே திரும்பி வருகிறது. ஓர் இணையின் இரு எண்களுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருந்தால் பெருக்கற்பலன் 72-ஐத் தாண்டிவிடும். ஆகவே வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும். 1202-இல் 'லிபர் அபாசி' எழுதிய பீசா நகர லியோனார்டோ (ஃபிபொனாச்சி) இந்த எல்லையை அறிந்திருந்தார். தேடலுக்கு ஒரு முடிவிடம் கிடைத்தது. மாணவிக்கு 18 விட்டுப்போனதன் காரணமும் இங்கே புலப்படுகிறது. 4-ஐ எழுதியபோதே அதன் துணையை அவள் எழுதியிருக்க வேண்டும்.

நாராயண பண்டிதரின் வழி

எண் பெரிதானால் வர்க்கமூலம் வரை ஏறுவதும் நெடும்பயணம். 1356-இல் எழுதப்பட்ட 'கணித கௌமுதி'யில் நாராயண பண்டிதர் காரணி காண்பதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கினார். அங்குள்ள முறையை 2279-இல் செய்து பார்ப்போம். 47-இன் வர்க்கம் 2209; மீதி 70. 47-ஐ இரட்டித்து 1 கூட்டினால் 95. அதிலிருந்து 70-ஐக் கழித்தால் 25. இது 5-இன் வர்க்கம். 47-க்கு அடுத்த 48-இலிருந்து 5-ஐக் கழித்தால் 43, கூட்டினால் 53. ஆக 2279 = 43×53. பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் 14ஆம் முயற்சியில்தான் 43 கிடைக்கும்.

சுமார் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1643 அளவில், பிரான்சின் ஃபெர்மா இதே கருத்தைக் கொண்டு 2027651281-ஐ 44021×46061 எனப் பிரித்துக் காட்டினார். வர்க்க வேறுபாடு என்று எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் நாம் சொல்லித்தரும் முற்றொருமைதான் இரண்டுக்கும் அடிப்படை.

அட்டவணைகளும் காஸும்

அடுத்த காலம் உழைப்பின் காலம். வியன்னாவின் பள்ளி ஆசிரியர் ஃபெல்கெல் 1776-இல் 4,08,000 வரையான காரணி அட்டவணையை அச்சிட்டார். வாங்குவார் இல்லாததால் அந்தத் தாள்கள் துருக்கியப் போரில் தோட்டா சுற்றப் பயன்பட்டன. முயற்சி மட்டும் நிற்கவில்லை, 1909-இல் டி. என். லெமர் ஒரு கோடி வரையான அட்டவணையை வெளியிட்டார். 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுபடும் எண்களை அவர் சேர்க்கவில்லை. அவற்றை எவரும் எளிதில் சோதித்துக்கொள்ளலாம்.

உறுதியின் கடைசிக் கண்ணி 1801-இல் விழுந்தது. எந்த வழியில் பிரித்தாலும் பகாக் காரணிகள் ஒரே தொகுப்பாகவே வரும் என்பதை காஸ் தெளிவாகக் கூறி நிறுவினார். 72-ஐ 8×9 என்று தொடங்கினாலும் 6×12 என்று தொடங்கினாலும் காரணி மரத்தின் நுனியில் மூன்று 2-களும் இரண்டு 3-களுமே நிற்கும். ஒரு காரணியில் 2 இடம்பெற நான்கு வழிகள் (0 முதல் 3 முறை வரை), 3 இடம்பெற மூன்று வழிகள்; மொத்தம் 4×3 = 12 காரணிகள். இவ்வாறு எண்ணும் வழியில்தான் இராமானுஜன் 1915-இல் மிகுபகு எண்களை ஆராய்ந்தார். தம்மைவிடச் சிறிய எல்லா எண்களையும் மிஞ்சிய காரணிகள் உடையவை அவை.

முடிவுரை

ஒழுங்கு, எல்லை, எண்ணிக்கை ஆகிய மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் கைகூடின. நம் வகுப்பறையில் அவை ஒரு வாரப் பாடமாகச் சுருங்கி, விதிகளாக மட்டும் மிஞ்சுகின்றன. இணைகளை எழுதி, 8×9-இல் நிறுத்தி, பன்னிரண்டு வந்ததா என்று எண்ணிப் பார்க்கும் மாணவி ஆசிரியரின் 'சரி'க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தன் விடை முழுமையானது என்பதை அவளே நிறுவிவிடுகிறாள். இடைநிலை வகுப்பில் காரணி கற்பிப்பதன் பயன் அதுவே.