குறித்த தொலைவில் எரிப்பது எப்படி? இப்னு ஸஹ்லின் வில்லையும் லேசர் உலோகப் படிவும்

விமான எஞ்சினின் தேய்ந்த டர்பைன் இறக்கையை எறிந்துவிடாமல், குறைந்த இடத்தில் மட்டும் உலோகம் சேர்த்து மீட்கும் முறை ஒன்று உண்டு. லேசர் கதிர் உலோகப் பரப்பைச் சிறு குளம்போல் உருக்குகிறது. அதனுள் உலோகத் தூள் ஊதப்படுகிறது. கதிர் நகர்ந்ததும் அது உறைந்து படலமாகிறது. அதன் மேல் அடுத்த படலம். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 1990களில் இம்முறையின் ஒரு வடிவத்தை உருவாக்கியது.

கதிர் எவ்வளவு அகலத்தில் விழுகிறது என்பதே இங்குத் தலையாய கேள்வி. ஒளிப்புள்ளியின் விட்டம் 2 மடங்கானால் பரப்பு 4 மடங்காகும். அதே லேசரின் செறிவு காற்பங்காகிவிடும். மெல்லிய சுவருக்கு ஒடுங்கிய புள்ளி வேண்டும். அகன்ற இடத்தை நிரப்ப விரிந்த புள்ளி வேண்டும். ஆகவே, வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, வேலையின் நடுவிலேயே புள்ளியின் அளவை மாற்றும் ஒளியமைப்புகளைப் பொருத்துகின்றனர்.

ஒளியைக் குவித்துக் குறித்த தொலைவில் ஒரு பொருளை எரிப்பது எப்படி என்னும் கேள்வியை, ஏறத்தாழ கி.பி. 984இல் ஒரு கணித அறிஞர் நூலாகவே எழுதினார். அவர் புவைஹிகளின் பாக்தாதுடன் தொடர்புடைய அபூ ஸஅத் அல்-அலா இப்னு ஸஹ்ல். சூரியனைப் போல் வெகுதொலைவிலுள்ள ஒளிக்குப் பரவளைவு ஆடி, அருகிலுள்ள ஒளிக்கு நீள்வட்ட ஆடி என்று அவர் வகுத்தார். பின்னர் வில்லைக்கு வந்தார். ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் அதிபரவளைவாகவும் அமைந்த வில்லை, இணைகதிர்கள் அனைத்தையும் ஒரே புள்ளியில் சேர்க்கும் என்று வடிவியலால் நிறுவினார். அவ்வளைவுகளை வரைவதற்கான கருவியையும் விவரித்தார். அதற்காக அவர் கையாண்ட விகிதம், இன்று நம் பிள்ளைகள் ஸ்நெல் விதி என்று படிக்கும் ஒளிவிலகல் விதிக்கு நிகரானது. ஸ்நெல் அதைக் கண்டது 1621இல்.

இதைக் கொண்டு, லேசரே நம்முடையது என்று மேடையில் முழங்குவோர் உளர். அது உண்மையன்று. லேசருக்கான கோட்பாட்டு வித்து 1917இல் ஐன்ஸ்டைன் இட்டது. முதல் லேசரை 1960இல் மைமன் ஒளிரச் செய்தார். இப்னு ஸஹ்லின் வில்லையோ ஒரு தொலைவுக்கு மட்டுமே உரியது. தொலைவு மாறினால் வேறு வில்லை கடைய வேண்டும். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதை இத்தொழில்நுட்பத்தோடு முடிச்சிடுவதும் நமக்கு உவப்பானதன்று. முஃஜிஸாவுக்கு எந்திரம் சான்றாகாது.

நம்மை உறுத்த வேண்டியது வேறொன்று. பின்வந்த இப்னுல் ஹைஸம் 'கிதாபுல் மனாழிர்' எனும் பெருநூல் தந்தார். அதன் லத்தீன் மொழிபெயர்ப்பை ஐரோப்பா நூற்றாண்டுக்கணக்கில் பயின்றது. ஆயினும் இப்னு ஸஹ்லின் அந்த விகிதம் அதில் இடம்பெறவில்லை. அவருடைய நூலின் ஏடுகள் சிதறி, ஒரு பகுதி டமாஸ்கஸிலும் மறுபகுதி தெஹ்ரானிலும் கிடந்தன. கெய்ரோவில் பிறந்து பாரிஸில் பணியாற்றிய ருஷ்தி ராஷித் என்ற வரலாற்றாசிரியர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரே நூலாக இணைத்தார். அக்கண்டுபிடிப்பை அவர் விரிவாக வெளியிட்டது 1990இல். அதற்குள் லேசருக்கே 30 வயதாகியிருந்தது.