தூண்டில் போட்டியும் ஒரு கடற்கரையின் சரித்திரமும்

சங்க மலருக்கு, சரித்திர மாணவன் என்ற முறையில், ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் அன்புக் கட்டளை இட்டார்கள். டர்பன் கடற்கரையில் நடக்கும் தூண்டில் போட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "மீன் பிடிக்கிறதுல என்னய்யா சரித்திரம் இருக்கு?" என்று ஒரு நண்பர் சிரித்தார். அவருக்குப் பதிலாகவும் இதை வைத்துக்கொள்ளலாம்.

நாம் வகுப்பில் படித்த தென்னாப்பிரிக்கா என்ன? 1893-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் காந்தியடிகள் இறக்கிவிடப்பட்டது, 1914-ல் தில்லையாடி வள்ளியம்மை உயிர்நீத்தது. அத்தோடு பாடம் முடிந்துவிடும். வேலை நிமித்தம் சில ஆண்டுகள் டர்பனில் இருந்தபோதுதான் பாடப் புத்தகத்துக்கு வெளியே கிடக்கும் சரித்திரம் எனக்குக் கண்ணில் பட்டது. அதில் ஒரு துண்டு, கடற்கரை மணலில், தூண்டில் கோலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தது.

போட்டி நடக்கும் விதம்

டர்பனுக்குக் குளிர்காலம் என்பது நமக்கு ஆனி, ஆடி மாதங்கள். ஜூலையில் விடியற்காலைக் குளிர் 11 டிகிரி வரை இறங்கும். மழை குறைவு, வானம் துடைத்து வைத்தது போலிருக்கும். தூண்டில்காரர்கள் வருஷம் பூராவும் காத்திருப்பது இந்த மாதங்களுக்காகத்தான். காரணம் இரண்டு மீன்கள்.

முதலாவது சார்டின். நம் ஊர் சாளையின் உறவுக்கார மீன். கேப் பகுதியின் குளிர்ந்த நீரிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கரையை ஒட்டி வடக்கே வரும். கரையோரத் தண்ணீர் 21 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் டர்பன் பக்கம் எட்டிப் பார்க்கும். சில ஆண்டுகளில் அலையோடு அலையாகக் கரைக்கே வந்து விழும். அப்போது ஜனங்கள் வாளி, கூடை, புடவைத் தலைப்பு எது கிடைத்தாலும் அதில் அள்ளுவார்கள். இரண்டாவது, அந்தச் சார்டினைத் துரத்திக்கொண்டு வரும் ஷாட். கேப்பில் இதற்கு எல்ஃப் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் டெய்லர், அமெரிக்காவில் புளூஃபிஷ். வெள்ளிப் பளபளப்பு, கத்தரி மாதிரிப் பல். வெறும் நரம்பில் தூண்டில் முள்ளைக் கட்டினால் ஒரே கடியில் அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முள்ளுக்கு மேலே சாண் அளவுக்கு எஃகுக் கம்பி வைத்துக் கட்டுவார்கள்.

உள்ளூர்க் கிளப்புகள் நடத்தும் சிநேகப் போட்டிக்குப் பெரிய பந்தலோ மேடையோ கிடையாது. கரையில் இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை என்று எல்லை வைப்பார்கள். ஆளுக்கு ஒரு கோல், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை, அவ்வளவுதான் ரூல்ஸ். இருட்டோடு வந்துவிடுவார்கள். ஷாட் கடிப்பது விடியும் வேளையிலும் அந்தி மங்கும் வேளையிலும்தான். சார்டினைத் துண்டு போட்டு, முள்ளில் கோத்து, மெல்லிய நூலால் சுற்றிக் கட்டி எறிவார்கள். மீன் கூட்டம் வந்துவிட்டால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாற்பது, ஐம்பது பேர் நிற்பார்கள். ஒருவர் கோணலாக எறிந்தால் பத்துப் பேர் நரம்பு சிக்கிக்கொள்ளும். ஆகவே நேரே எறியவேண்டும், பக்கத்துக்காரருக்கு மீன் மாட்டினால் நம் கோலை உயர்த்தி அவருக்கு வழி விடவேண்டும். எழுதாத சட்டம் இது. எழுதிய சட்டத்தைவிட இதற்குத்தான் மரியாதை அதிகம்.

பழைய கைகளிடம் இன்னும் ஒரு சாமானைப் பார்க்கலாம். ஸ்கார்பரோ ரீல். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கரையிலுள்ள ஊரின் பெயர் அது. பெரிய தட்டு போன்ற சக்கரம், உள்ளே பல்சக்கரம் ஒன்றும் கிடையாது. உள்ளங்கைதான் பிரேக். இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த ரீல், இந்தியாவிலிருந்து கப்பலேறிய 'கல்கத்தா' மூங்கில் கோல், நட்டால் கடல் மீன். ஒரு கையில் மூன்று தேசத்துச் சரித்திரம்!

வலைக்காரர்கள்

இந்தக் கரைக்கு நம்மவர்கள் வந்த கதை எல்லோரும் ஓரளவு அறிந்ததே. 1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியே வந்தவர்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார், படையாச்சி எல்லாம் அங்கே 'நாய்டூ', 'பிள்ளே', 'கோவெண்டர்', 'மூட்லி', 'படயாச்சி' என்று உருமாறி இன்றும் வாசல் பலகைகளில் இருக்கின்றன.

ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பாமல் கடலுக்குப் போனார்கள். டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டார்கள். துடுப்புப் படகில் வலையை ஏற்றி, அலைக்கு அப்பால் அரைவட்டமாக இறக்கி, இரண்டு முனையையும் கரையிலிருந்து இழுப்பார்கள். சோழமண்டலக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இந்த வலைக்காரர்களின் பெயர் டர்பன் நகரச் சரித்திரத்தில் ஒருமுறை பெரிய எழுத்தில் பதிந்தது. 1917 அக்டோபர் கடைசியில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்து, ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்வில் குடியிருந்த இந்தியக் குடும்பங்களை வளைத்துக்கொண்டது. மாரிமுத்து படவட்டன் என்பவரும் இன்னும் ஐந்து மீனவர்களும் தங்கள் படகை எடுத்துக்கொண்டு வெள்ளத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 'படவட்டன் அறுவர்' என்றுதான் இன்றும் அவர்களைச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதே நமக்குப் படகோட்டி ஞாபகம் வருகிறது அல்லவா?

இத்தனை செய்தவர்களுக்குக் கரை நிலைத்ததா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாலிஸ்பரி தீவு கடற்படைக்குப் போயிற்று. மீனவக் குடும்பங்கள் எதிரே பிளஃப் கரையில் ஃபின்லாண்ட்ஸ் என்ற இடத்துக்கு நகர்ந்தன. 1950-ல் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று அரசே கோடு போட்டது. கடலோரத்தில் இருந்தவர்களைக் கடல் கண்ணுக்கே தெரியாத சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுபோய் வைத்தது. வலையும் படகும் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்துக் கரைக்கு வந்தார்கள், கையில் ஒரு தூண்டில் கோலோடு. வலைக்காரர் வம்சம் தூண்டில்காரர் வம்சம் ஆனது இப்படித்தான்.

நம்மைப் போன்ற கல்லூரிக்காரர்களுக்காக ஒரு உபரித் தகவல். மீனவர்களைக் காலி செய்த அதே சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுச்சென்ற பழைய கொட்டகைகளில்தான், 1961-ல் இந்தியர்களுக்கென்று தனிப் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். மாணவர்கள் படகேறி வகுப்புக்குப் போனார்கள்!

பலகைகள்

1953-ல் இன்னொரு சட்டம். பூங்கா, பெஞ்சு, கடற்கரை எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரிக்கலாம், பிரித்ததில் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைப்பதற்குச் சமமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை என்று சட்டமே சொல்லிற்று. டர்பனில் நகரத்தை ஒட்டிய நல்ல கடற்கரை வெள்ளையருக்கு. ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு என்று மூன்று மொழிகளில் பலகை நட்டார்கள். இந்தியக் குடும்பங்கள் வடக்கே உம்கேனி முகத்துவாரத்துப் பக்கம், புளூ லகூன் என்ற இடத்தில் கூடின.

மீனுக்குப் பலகை வாசிக்கத் தெரியாது. அது சார்டினைத் துரத்திக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் வரும். கரைப் போட்டிகளில் பல வருஷம் கலந்துகொண்ட பெரியவர் ஒருவரை நான் புளூ லகூனில் சந்தித்தேன். எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேசியது ஆங்கிலம், நடுநடுவே 'மீன்', 'புளி', 'தாத்தா' என்று நம் சொற்கள். அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "பறவைங்க அந்தப் பக்கம் பொத்து பொத்துன்னு தண்ணியிலே விழும். அங்கேதான் ஷாட் கூட்டம்னு அர்த்தம். எங்க கையிலே கோல் இருக்கு, இரை இருக்கு, நடுவிலே ஒரு போர்டும் இருக்கு. பார்த்துக்கிட்டே நிப்போம்."

போட்டிகளும் அப்படியேதான். வெள்ளையர் கிளப் வேறு, இந்தியர் கிளப் வேறு. அவரவர் மணலில் அவரவர் கோப்பை. ஒரே கடலில், ஒரே வாரத்தில், ஒரே மீனைப் பிடித்தாலும் யார் பெரிய மீன் பிடித்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இனப் பாகுபாடற்ற விளையாட்டுக்காக 1973-ல் சாகோஸ் என்ற அமைப்பு தோன்றியபோது, கிரிக்கெட்டும் கால்பந்தும்தான் செய்தியில் அடிபட்டன. தூண்டிலைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

1989 செப்டம்பரில் டர்பன் அடிங்டன் கடற்கரையில் எல்லா இனத்தாருமாக ஆயிரக்கணக்கானோர் தடையை மீறி இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் எல்லாக் கடற்கரைகளும் எல்லோருக்கும் உண்டு என்று ஜனாதிபதி டி கிளெர்க் அறிவித்தார். 1990-ல் அந்தச் சட்டமே ரத்தாயிற்று. பலகைகளைப் பிடுங்கினார்கள்.

அங்கிளிடம், பலகை போன பிறகு முதல் குளிர்காலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். பெரிதாக ஏதோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எனக்குப் பக்கத்திலே ஒரு வெள்ளைக்காரர் நின்னார். அவர் நரம்பும் என் நரம்பும் சிக்கிக்கிச்சு. ரெண்டு பேரும் உக்காந்து அரைமணி நேரம் பிரிச்சோம். அதுக்குள்ளே மீன் போயிடுச்சு" என்றார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் நிறவெறி முடிந்ததை இப்படிச் சொல்லவில்லை.

மீனுக்கும் ஒரு சட்டம்

மனிதர்களைப் பிரித்த சட்டத்தைச் சொன்ன வாயால், மீனைக் காத்த சட்டத்தையும் சொல்லவேண்டும். 1970-களில் நட்டால் கரையில் ஷாட் குறைந்துகொண்டே வந்தது. டர்பன் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரூடி வான் டெர் எல்ஸ்ட் அதன் வாழ்க்கை முறையை ஆராய்ந்து 1976-ல் வெளியிட்டார். குளிர்காலத்தில் வடக்கே வரும் மீன், வசந்தத்தில் நட்டால் கரையோரம் முட்டையிடுகிறது. முட்டையையும் குஞ்சையும் அகுல்யாஸ் நீரோட்டம் தெற்கே கேப் பக்கம் கொண்டுபோகிறது. முட்டையிட வந்த மீனை மொத்தமாக வாரினால் அடுத்த குளிர்காலத்துக்கு என்ன மிஞ்சும்?

அதன் பலனாக வந்த விதிகளை இன்று ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட ஒப்பிப்பான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு ஷாட். 30 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விடவேண்டும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் தொடவே கூடாது. பெர்மிட் வாங்கவேண்டும், பிடித்ததை விற்கக்கூடாது.

போட்டிகளும் மாறின. முன்பெல்லாம் பிடித்த மீன் அத்தனையையும் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்து தராசில் போடுவார்கள். இப்போது பல போட்டிகளில் மீனை ஈரத் துணியில் கிடத்தி, நீளத்தை அளந்து, அட்டவணையைப் பார்த்து எடையைக் குறித்துக்கொண்டு, உயிரோடு விட்டுவிடுகிறார்கள். 1984-ல் தொடங்கிய அடையாளச் சீட்டுத் திட்டத்தில் தூண்டில்காரர்களே தொண்டர்கள். மீனின் முதுகில் எண்ணிட்ட சீட்டைக் குத்தி விடுவார்கள். வேறெங்கோ யாரோ பிடித்து எண்ணைத் தெரிவித்தால், மீன் எவ்வளவு தூரம் போயிற்று, எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் எல்லோரும் கோப்பைக்காகக் கரைக்கு வருவதில்லை. அன்றைய குழம்புக்காக வருகிறவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. 1998-ல் வந்த கடல்வளச் சட்டம்தான் வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கிறவர் என்று ஒரு தனி வகையை ஏற்றுக்கொண்டது. 2004-ல் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோது, டர்பன் துறைமுகத்துக்குள் தலைமுறையாகத் தூண்டில் போட்ட இடங்கள் இவர்களுக்கு மூடப்பட்டன. மனு, ஊர்வலம், பேச்சுவார்த்தை என்று பல வருஷம் ஓடிற்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாக்கடை கலந்து கடற்கரைகளே மூடப்பட்டன. பலகை போய்விட்டது, கரையில் நிற்கும் உரிமைக்கான வழக்கு மட்டும் ரூபம் மாறி நடந்துகொண்டே இருக்கிறது.

நண்பருக்குப் பதில்

"மீன் பிடிக்கிறதுல என்ன சரித்திரம்?" என்ற நண்பருக்கு என் பதில் இதுதான். ஒரு கரையில் யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது, எத்தனை மீன் எடுக்கலாம், எத்தனை விட்டுவைக்கலாம் என்பதற்கு 160 வருஷமாக நடந்த சண்டையும் சமாதானமும் அந்தப் போட்டியின் ரூல்ஸில் இருக்கிறது. அரசாங்க ஆவணத்தில் பாதி கிடைக்கும். மீதி, கிளப் செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும் மீன் கணக்கு நோட்டில் கிடைக்கும். அந்த நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன்னால் யாராவது எடுத்துப் பார்க்கவேண்டும். நம் துறையில் இப்போது படிக்கும் தம்பி, தங்கையரில் ஒருவர் ஆராய்ச்சித் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் இது நல்ல தலைப்பு என்று சிபாரிசு செய்கிறேன்.

டர்பன் போகும் நண்பர்கள் ஜூலை மாதத்தில் போங்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் புளூ லகூன் பக்கம் போய்விடுங்கள், ஸ்வெட்டர் அவசியம். பரிசு கொடுத்து முடிந்ததும், ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் 'பனி சௌ' உங்களுக்கும் ஒன்று வரும். யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். ஆனால் சாப்பாட்டைக் கையில் கொடுத்த பிறகுதான் கேட்பார்கள்.