தகிட தகிட, தக தக தக: மட்டக்களப்பில் ஒரு ஆபிரிக்கத் தாளம்

பைலா என்றதும் நமக்கு ஞாபகம் வாறது சிலோன் மனோகரின் 'சுராங்கனி'. கலியாண வீட்டில் நாலு ஸ்டெப் போட்டுட்டு மறந்துபோற சாமான் என்றுதான் நினைப்பு. அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று நாங்க கேக்கிறதில்லை.

மாங்கேணி வழியாகப் போற ஏ15 வீதியின் ஒரு முனை மட்டக்களப்பு, மறுமுனை திருகோணமலை. ரெண்டு ஊரிலும் போர்த்துக்கேயக் கிரியோல் பாசை பேசுற பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். வெறும் பத்து வருசம்! கோட்டை கைமாறியும் பாசை மட்டும் இன்றைக்கு வரை தங்கிவிட்டது.

பாசையோடு தங்கினது கஃப்ரிஞ்ஞா. 'காப்பிரி' என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கர்களை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் புத்தளம் சிறாம்பியடியில் இன்றும் 'மஞ்சா' பாடுகிறார்கள். தென்னாபிரிக்காவில் அந்தச் சொல் கடுமையான வசவு. இங்கே அந்தச் சமூகமே அதைத் தன் பெயராக வைத்திருக்கிறது.

கஃப்ரிஞ்ஞாவில் ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. 'தகிட தகிட' என்றும் எண்ணலாம், 'தக தக தக' என்றும் எண்ணலாம். கால் ஒன்றை எடுக்கும், காது மற்றதை எடுக்கும். இந்த இழுபறி ஆபிரிக்க இசையில் நிறைய உண்டு, ஜாஸிலும் கேட்கலாம். மிருதங்கம் படிச்ச ஆக்களுக்குச் சட்டெண்டு பிடிபடும். 1940களில் வோலி பெஸ்டியன் இந்தத் தாளத்துக்குச் சிங்கள வரிகளைப் போட்டார். நாடு முழுக்கப் பரவின பைலா அப்படி வந்ததுதான். மூலத்தை வைத்திருந்த ஆக்களை யாரும் தேடவில்லை.

எத்தியோப்பியாவைப் பாருங்கள். முலாட்டு அஸ்தாத்கே அமெரிக்காவில் ஜாஸ் படித்துவந்து தன் நாட்டு ஐந்து சுரப் பண்களோடு சேர்த்தார். (அதில் 'திசிதா' பண்ணின் ஒரு வகைக்கு எங்கட மோகனத்தின் அதே சுரங்கள்தான்!) 1974இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஊரடங்கில் அடிஸ் அபாபாவின் இரவு இசை அடங்கியது. ஆனால் இசைத்தட்டுகள் மிஞ்சின. 90களின் கடைசியில் 'எத்தியோப்பிக்ஸ்' தொகுப்புகளாக அவை திரும்பி வர, எங்கெங்கோ இருக்கிற பெடியன்களும் கேட்டு வாசிக்கப் பழகினார்கள்.

ஊரடங்கு என்றால் என்னவென்று மட்டக்களப்பாருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. போர் இருந்தது; பலர் அவுஸ்திரேலியா போனார்கள். 2004 சுனாமி பறங்கியர் நிறைய வாழ்ந்த டச்பாரை அடித்துக்கொண்டு போனது. எங்களிடம் அடிஸ் அபாபாவைப் போல இசைத்தட்டுக் குவியல் இல்லை. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரியோல் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய வேலைதான். ஆனாலும் அவர்கள் லிஸ்பனில் இருந்து வந்தவர்கள், நாங்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறோம் என்பது எனக்கு உறுத்துது.

மஞ்சா பழக சிரட்டை, போத்தல், கரண்டி போதும், கை இருந்தால் தாளம் வரும். மட்டக்களப்பு கஃப்ரிஞ்ஞாவுக்கு வயலின் வேணும். அது ஒரு விடுமுறையில் வராது. வாசிக்கத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்து, அவர் வில்லை எங்கே அழுத்துறார், எங்கே விடுறார் என்று பார்த்துத்தான் பழக வேணும்.